ஆணிக்குத் திரும்பாத டோக்கன்

சந்தாபுரா
8-6-2025, ஞாயிறு

லிஃப்ட் மாமா,

இந்தப் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டு ஐந்து மாதம் ஆகப் போகிறது. கல்யாணமான புதிதில் கே.ஜி.எஃப்-ல் குழாயடியில் என்னை நிறுத்தி, "உன் வூட்டுக்காரருக்கு இன்னா வேலை?" என்று கேட்பார்கள். "ஆளுங்கள மேல ஏத்துற வேலை" என்பேன். "அது சாமி பாக்குற வேலையாச்சே" என்று சிரிப்பார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மைசூர் போய்ச் சேர்ந்த விவரம் உங்கள் கார்டில் பார்த்தேன். ஃபோனில் பேசலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோன் அரிசி ட்ரம்முக்குள் இருக்கிறது. ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி போட்டேன், அங்கேயேதான் கிடக்கிறது. அரிசி அளக்கும்போது கையில் தட்டினால் ஒதுக்கிவிட்டு அளக்கிறேன். வீட்டு ஓனர் ஜெயலக்ஷ்மி அம்மா, "இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் வெந்துடும் ரோஸி" என்கிறார். எனக்குக் கடிதம் போதும். ஐந்தாவது வரைக்கும் படித்ததற்கு இதாவது பயன்படட்டும்.

போகிற அன்றைக்கு நடந்த சண்டையில் நான் பேசியது அதிகம்தான். "இதைவிட நல்ல ஊர் இருந்தா காட்டுங்க, வர்றேன்" என்றேன். கோபத்தில் சொன்னது. உண்மை என்னவென்றால் ஊர் நல்லதா கெட்டதா என்பது எனக்குப் பேச்சே இல்லை. உங்களுக்கும் அது தெரியும். கதவுக்குப் பக்கத்தில் ஆணி காலியாக இருக்கிறது.

நீங்கள் கே.ஜி.எஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்குப் பிறந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறார் என்று அர்த்தம். மற்ற ஆட்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். சுரங்கத்தை மூடியபோது மாமனார் தன் 417-ஆம் நம்பர் டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டார். நம் பரத் ஒன்றாம் வகுப்பு போன நாளிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போய், வந்ததும் மாட்டினான். இருபத்து நாலு வயசில், வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைக்குப் போகும்போதும் அப்படியே. "ஆளு மேல வந்தாச்சு" என்று கத்திக்கொண்டுதான் மாட்டுவான்.

அவன் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரில் வாட்ச் இருந்தது, பர்ஸ் இருந்தது. டோக்கன் இல்லை. டோக்கன் ஆணிக்கு வராமல் நான் எப்படி இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவேன்? அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். சொல்லத் தெரியாமல் தட்டை வீசினேன்.

சாப்பிடுங்கள்.

ரோஸி


மைசூர்
15-6-2025

ரோஸி,

கடிதம் கிடைத்தது. தட்டு நெளிந்தது பரவாயில்லை.

நீ கோபத்தில் சொன்னாலும் நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன். லிஃப்ட் சர்வீஸுக்குப் போகிற இடத்தில் ஒரு ஃபாரம் நிரப்புவோம் அல்லவா, கயிறு சரி, பிரேக் சரி, கதவு சரியில்லை என்று. கம்பெனி என்னை மூன்று ஊர்களுக்கு அனுப்பப் போகிறது. ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒன்று எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டு வைத்துக்கொள்.

மைசூர். தண்ணீர் சரி. குழாயில் வருகிறது, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை. சந்தாபுராவில் நாம் கொடுக்கிற வாடகைக்கு இங்கே இரண்டு அறையும் பின்பக்கம் துணி காயப்போட இடமும் கிடைக்கும். காற்று சரி. ரோடு சரி. வந்து பத்து நாளில் ஒரே ஒரு தண்ணீர் லாரியைத்தான் பார்த்தேன். அது போகிற வரைக்கும் ஒரு பூக்கடைக்குள் ஏறி நின்றேன். பூக்காரம்மா, "ஏன் சார், பூ பேக்கா, வேணுமா?" என்றாள். ஒரு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன். யாருக்கு என்று தெரியவில்லை, குழாயில் கட்டிவிட்டேன்.

பாஷை சரி. நம் கன்னடத்தைக் கேட்டு, "நீங்க பெங்களூர்" என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். கூட வேலை செய்கிற ரங்கா மைசூர்க்காரன், தமிழ் பேசுவான். "குணா சார், இந்த ஊர்ல ட்ராஃபிக்குகூட மத்தியானம் தூங்கிட்டுத்தான் வருது. இங்க வந்தா உங்க பி.பி மாத்திரைய ஆட்டோக்காரனுக்குக் குடுத்துடலாம்" என்கிறான்.

இங்கே பையன்கள் வேலை முடிந்து சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறார்கள். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு கேட் திறக்கிறார்கள். அதைச் சரி என்று எழுதுவதா, சரியில்லை என்று எழுதுவதா தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சரியில்லை. இந்த ரூம் பழைய சுண்ணாம்புச் சுவர். ஆணி நிற்க மாட்டேன் என்கிறது.

குணசேகர்


சந்தாபுரா
22-6-2025

லிஃப்ட் மாமா,

உங்கள் மைசூர் ஃபாரத்தை கார்மென்ட்ஸில் மத்தியானச் சாப்பாட்டின்போது படித்துக் காட்டினேன். சூப்பர்வைசர் மௌரீன், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்தவர், அவருக்கு ஒரே கோபம். "மைசூரா? அந்த ஊர்ல எட்டு மணிக்கு மேல நாய்தான் நடக்கும். பெங்களூர விட்டுட்டு எவளாவது போவாளா?" என்றார். பக்கத்தில் நூல் வெட்டுகிறவள், "நீங்க பாக்குற பெங்களூர் வேற மேடம். உங்க தெருவுல மரம் இருக்கு. எங்க தெருவுல போஸ்டுகூட சாஞ்சு நிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு டாய்லெட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மாமா, மெதுவான ஊர் எனக்கு வேண்டாம். இங்கே காலையில் தண்ணீருக்கு ஓட வேண்டும், பஸ்ஸுக்கு ஓட வேண்டும், பொம்மசந்திராவில் பீஸ் முடிக்க ஓட வேண்டும். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் தெரிகிறது. மைசூரில் ஏழு நாளும் ஞாயிறாக இருக்கும்போல் இருக்கிறது.

இன்னொன்று. எதிர்வீட்டு நாய் செம்பட்டை உங்களுக்குத் தெரியும். பரத் வண்டி ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் ஓடிவரும். போன வாரம் எனக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். நாய் தூக்கத்திலிருந்து எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே நம் கேட் வரைக்கும் வந்து நின்றது. தலையைத் தூக்கி, யாரோ தடவிக்கொடுப்பதற்குக் காட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்ப் படுத்துக்கொண்டது. நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியில் யாரும் இல்லை. ஆணியைத் திரும்பிப் பார்த்தேன், காலி.

இந்த வீட்டை விட்டுவிட்டால் அந்த நாய்க்கு யார் சொல்வது?

ஆணி நிற்காத ரூமில் எதை மாட்டப் போகிறீர்கள், சட்டையையா? கதவுக் கொண்டியில் போடுங்கள்.

ரோஸி


மங்களூர்
13-7-2025

ரோஸி,

மங்களூர் வந்து ஒரு வாரம். வந்ததிலிருந்து மழை நின்றதைப் பார்க்கவில்லை. ஃபாரத்தை எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் சரி, வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. மீன் சரி. உனக்குப் பிடித்த நெத்திலி, காலையில் பிடித்தது மத்தியானம் தட்டில். ஆஸ்பத்திரி நிறைய, தெருவுக்கு ஒன்று. அதைச் சரி என்றுதான் எழுத வேண்டும், எழுதினேன். பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் பக்கம் பக்கம். நமக்கு இனிமேல் தேவையில்லை. கன்னடம் பேசினால் துளுவில் பதில் வருகிறது, துளுவுக்குப் பழகினால் கொங்கணி வருகிறது. ஆனால் மரியாதையாகப் பேசுகிறார்கள். மேடும் பள்ளமுமாக ஊர், முட்டிவலிக்காரி நீ எப்படி ஏறுவாய் என்று யோசித்தேன். வெயில் காலத்தில் வேர்த்துக் கொட்டும் என்கிறார்கள்.

இங்கே ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் புகார். லிஃப்ட் ஆள் இல்லாமல் தானாகக் கீழே வருகிறது, கதவு திறக்கிறது, மூடிக்கொள்கிறது என்று. வாட்ச்மேன் பயந்துபோய் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். நான் பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் கீழே வந்து நிற்கும்படி அதில் செட்டிங் போட்டிருக்கிறது. அதை வாட்ச்மேனுக்கு விளக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டு இருக்கும்போதே மறுபடியும் வந்தது. கதவு திறந்தது. உள்ளே லைட், கண்ணாடி, காலி. எனக்குக் காரணம் தெரியும், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஆனாலும் யாரோ இறங்குவதற்கு வழி விடுகிற மாதிரி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தேன், ரோஸி. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். பழத்தை அவிழ்க்கச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சரியில்லை என்று எழுத வேண்டியது ஈரம். தீப்பெட்டி நமுத்துப்போகிறது. காற்றில் உப்பு. நாலே நாளில் பித்தளை பச்சை பூத்துவிட்டது, புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், எண் பள்ளத்தில் இருக்கிற பச்சை போகவில்லை.

அடுத்த மாதம் ஹூப்ளி.

குணசேகர்


சந்தாபுரா
20-7-2025

மாமா,

உங்கள் பையை அடுக்கியவள் நான். இரண்டு பேன்ட், நாலு சட்டை, போர்வை, எவர்சில்வர் தட்டு, எவர்சில்வர் டம்ளர், பி.பி மாத்திரை. சண்டை போட்டுக்கொண்டேதான் அடுக்கினேன், ஆனால் அடுக்கியது ஞாபகம் இருக்கிறது. பித்தளையில் ஒரு குண்டூசிகூட நான் வைக்கவில்லை.

எதைத் தேய்த்தீர்கள்?

எந்தப் பாத்திரத்தில் எண் போட்டிருக்கும்?

மங்களூர் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கு இல்லை. இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், இதை இதுவரை கேட்டதில்லை. வர்த்தூர் ரோட்டில் பரத்தின் வண்டி விழுந்து கிடந்தபோது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது? ஆபீஸ் பக்கமா, நம் வீட்டுப் பக்கமா?

ரோஸி


ஹூப்ளி
3-8-2025

ரோஸி,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

என்னிடம்தான் இருக்கிறது. 417.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கவரைக் கொடுத்தபோது நான் தனியாக இருந்தேன். உன்னை உள்ளே விடவில்லை. வாட்ச், பர்ஸ், அதுக்குக் கீழே இது. வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய், கை நீட்டிக்கொண்டிருந்தாய். இதை உன் கையில் வைத்தால் நீ வீட்டுக்குப் போய் முதல் வேலையாக ஆணியில் மாட்டிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். மாட்டினால் என்ன அர்த்தம்? ஆள் மேலே வந்தாச்சு. வரவில்லையே, ரோஸி. அவனைக் கீழே வைத்துவிட்டு டோக்கனை மட்டும் மாட்டுவதா? எங்கப்பா இருந்த சுரங்கத்தில் அப்படி ஒரு காரியத்தை எவனும் செய்ய மாட்டான். அதனால் பேன்ட் பைக்குள் போட்டேன். நீ கேட்டபோது இல்லை என்றேன். ஒருமுறை இல்லை என்று சொன்னதை அதற்குப் பிறகு எடுத்துக் காட்ட முடியவில்லை. நீ ஆணியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. ஊர் மாறலாம் என்று நான் நச்சரித்தது காற்றுக்கும் தண்ணீருக்கும் இல்லை.

போகிற ஊரில் எல்லாம் முதல் வேலையாகச் சுவரில் ஆணி அடித்தேன். எந்த ஊரில் மாட்டினால் மனசு ஒத்துக்கொள்கிறதோ அங்கே உன்னைக் கூப்பிடலாம் என்று. மைசூரில் ஆணி நிற்கவில்லை. மங்களூரில் நாலு நாள் மாட்டிவைத்தேன், பச்சை பூத்தது. இங்கே ஹூப்ளியில் அடிக்கவே இல்லை. கரிசல் மண், வெயில், சோள ரொட்டி, மனசு பெரிய ஜனங்கள். எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை, வீட்டுக்கு வீடு ட்ரம்மில் பிடித்து வைக்கிறார்கள். அந்த ட்ரம்மைப் பார்த்தால் நம் அரிசி ட்ரம் ஞாபகம் வருகிறது. ஃபாரம் நிரப்பவில்லை.

வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் போவதற்குள் ஜனங்கள் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். போலீஸும் அந்தத் தண்ணீர் லாரி டிரைவர் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை என்றான். எதற்குக் கேட்கிறாய்?

திட்டு. தட்டு வேண்டுமானாலும் வீசு.

குணசேகர்


சந்தாபுரா
10-8-2025

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. மார்க்கெட் என்று நினைத்தீர்கள்போல. வர்த்தூர் ரோட்டுக்குப் போனேன். மூன்று பஸ் மாறி. பிப்ரவரியிலிருந்து நீங்கள் ஊருக்குப் போகிற வரைக்கும், நீங்கள் போன பிறகும். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு வண்டி விழுந்த இடத்துச் சாக்கடையைக் கிளறினேன். ஜூஸ் கடைக்காரர் என்னைப் பேப்பர் பொறுக்குகிறவள் என்று நினைத்து, காலி பாட்டில்களை எனக்காகத் தனியாக எடுத்து வைத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது உங்கள் பேன்ட் பைக்குள் இருந்திருக்கிறது.

அனுப்புங்கள்.

ரோஸி


ஹூப்ளி
17-8-2025

ரோஸி,

இதோடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். துணியில் சுற்றி, தீப்பெட்டிக்குள் வைத்து, அதன் மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். முன்னாலேயே விசாரிக்கப் போனபோது, கவுன்டரில் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். பித்தளை என்றேன். "விலை போட்டதா?" என்றாள். இல்லை என்றேன்.

சாக்கடை விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு லீவு போட்டேன். மன்னிப்பு கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

கம்பெனியில் ஏதாவது ஒரு ஊரைச் சொல் என்கிறார்கள். நான் மைசூர் என்று சொல்லியிருக்கிறேன். ரங்கா ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறான். சிமென்ட் சுவர். பக்கத்தில் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட் இருக்கிறது, உனக்கு அங்கே ஓடுவதற்கு வேலை கிடைக்கும், பயப்படாதே. செப்டம்பர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வரவில்லை என்றாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். சந்தாபுராவுக்கே திரும்பி வந்துவிடுகிறேன், காலி ஆணியோ எதுவோ, இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டோக்கனை என்ன செய்ய வேண்டுமோ நீயே செய். எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது.

குணசேகர்


சந்தாபுரா
31-8-2025, ஞாயிறு

லிஃப்ட் மாமா,

வந்து சேர்ந்தது. பொம்மசந்திராவுக்கு மெட்ரோ விட்டுவிட்டார்கள், ஊரே அதைப் பார்க்கப் போயிருந்த நாளில் தபால்காரர் வந்தார். பரத் இருந்தபோது வெறும் தூண்தான். "இது ஓடுறதுக்குள்ள எனக்கே பேரன் பொறந்துடுவான்" என்பான்.

தீப்பெட்டியைத் திறந்து எட்டு நாள் ஆகிறது. நான்கில் பச்சை இருக்கிறது, ஒன்றில் இருக்கிறது, ஏழு சுத்தமாக இருக்கிறது. நான் தேய்க்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இருந்தது, ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு அது நிற்கவில்லை. ஏனென்றால் நீங்கள் ஒன்றை மறைத்த மாதிரி நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். ஃபோனை ஏன் அரிசிக்குள் போட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? செய்தி அதில் வந்ததனால் என்று. ஜெயலக்ஷ்மி அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். அது பாதிதான்.

அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், நான் அவனிடம் அதில் பேசினேன். அவன் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். ஆபீஸிலேயே டிபன் பாக்ஸை மறந்து மறந்து வைத்துவிட்டு வந்து, அந்த மாதத்தில் இரண்டைத் தொலைத்திருந்தான். அன்றைக்குக் கொடுத்தது புது பாக்ஸ். "இதோட மூணு. இன்னிக்கு பாக்ஸ் இல்லாம மட்டும் வந்தே, வாசல்லயே நில்லு. டோக்கன மாட்ட வுடமாட்டேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "சரி தாயே, பாக்ஸோடதான் மேல வருவேன்" என்றான். அதுதான் கடைசி.

விபத்து நடந்தது மூன்றரைக்கு. இரண்டு மணிக்கு முடித்தவன் மூன்றரைக்கு ஆபீஸிலிருந்து இரண்டு மைல்கூட வந்திருக்கவில்லை. ஒருவேளை லேட்டாகக் கிளம்பியிருக்கலாம். ஒருவேளை நேரத்துக்குக் கிளம்பி, பாதி வழி வந்து, பாக்ஸ் ஞாபகம் வந்து, வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆபீஸில் கேட்டேன், பாக்ஸ் அங்கே இல்லை என்றார்கள். ரோட்டில் பை கிழிந்து கிடந்தது, அதிலும் இல்லை. சாக்கடையில் நான் டோக்கனை மட்டும் தேடவில்லை, மாமா. பாக்ஸையும்தான் தேடினேன். அது கிடைத்திருந்தால் அவன் அதை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான் என்று இருக்கும். அதற்காகத்தான் வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று உங்களைக் கேட்டேன்.

மைசூருக்கு வருகிறேன். ரங்காவிடம் வீட்டைச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் சரி, காற்று சரி என்று நீங்கள் எழுதியது எல்லாம் எனக்கு மனப்பாடம். பெங்களூரில் நாம் எதையெல்லாம் பட்டோமோ அதெல்லாம் அங்கே இல்லாமல் இருக்கட்டும். எதிர்வீட்டு நாய்க்கும் சொல்லிவிட்டேன், காதை ஆட்டியது. துணி கட்டியாகிவிட்டது. அரிசி ட்ரம்மில் அரிசி அடி தட்டிவிட்டது, ஃபோன் வெளியே தெரிகிறது.

ஒன்றுதான் பாக்கி. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஆணிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான் என்றால், இதை இங்கேயே மாட்டி, ஆளு மேல வந்தாச்சு என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு உங்களிடம் வருவேன். அவன் பாக்ஸுக்காகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான் என்றால் நான் எப்படி மாட்டுவேன், மாட்ட விடமாட்டேன் என்று சொன்னவளே நான்தானே.

உங்களுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கவரைக் கையில் வாங்கியவர் நீங்கள், அவன் முகத்தைப் பார்த்தவர் நீங்கள். அதனால் உங்களைத்தான் கேட்கிறேன்.

என் பிள்ளை வந்துகொண்டிருந்தானா, போய்க்கொண்டிருந்தானா?